பில்லி வைல்டர்: என் தரவரிசை

ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் படங்களில் எது முதலிடம் என்று சினிமாக்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேர் 'சன்செட் பூலவார்ட்' என்பார்கள். மீதிப் பேர் 'சம் லைக் இட் ஹாட்' என்பார்கள். என் வரிசையில் இரண்டுக்கும் முதலிடம் கிடையாது, இரண்டாமிடமும் கிடையாது. சண்டைக்கு வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள். கதை முடிவுகளையும் போட்டு உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அறுபது எழுபது வருஷத்துப் படங்களுக்கு இதற்கு மேல் ரகசியம் காக்க முடியாது. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன், அது எது என்று வரும்போது தெரியும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1906-இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று போலந்தில் இருக்கும் சூகா என்ற சிற்றூரில் பிறந்த யூதர். வியன்னாவில் பத்திரிகை நிருபர். பிறகு பெர்லின். அங்கே கையில் காசில்லாத நாட்களில் ஈடன் ஹோட்டலில் கூலிக்கு நடனமாடியிருக்கிறார். துணையில்லாமல் வரும் பெண்களோடு ஆடுவதுதான் வேலை. அந்த அனுபவத்தையே 1927-இல் பத்திரிகையில் தொடராக எழுதி அதிலும் காசு பார்த்தார். 1933-இல் ஹிட்லர் வந்ததும் பாரிஸ், அடுத்த வருஷம் ஹாலிவுட். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட தாயும் பாட்டியும் நாஜிகளின் கையில் மாண்டார்கள்.

அந்த ஈடன் ஹோட்டல் வேலையைத்தான் வைல்டரின் திறவுகோலாக நான் நினைக்கிறேன். அவருடைய நாயகர்கள் எல்லோரும் எதற்காவது விலை போனவர்கள். ஒருத்தன் பெண்ணுக்காகவும் பணத்துக்காகவும், ஒருத்தன் நீச்சல் குளத்துக்காக, ஒருத்தன் முதல் பக்கச் செய்திக்காக, ஒருத்தன் பதவி உயர்வுக்காக. விமர்சகர்கள் இவரை மனிதர்மேல் நம்பிக்கையற்றவர் என்றே பல காலம் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விற்றவனுக்கு விற்றது உறுத்துகிறதா என்று உற்றுப் பார்க்கிறவர் அவர். எந்தப் படத்தில் அந்த உறுத்தல் நன்றாகத் தெரிகிறதோ அந்தப் படம் என் வரிசையில் மேலே. அளவுகோல் அவ்வளவுதான்.

கீழிருந்து வருகிறேன்.

பத்தாவது, 'ஒன், டூ, த்ரீ' (1961). மேற்கு பெர்லினில் கோகோ கோலா விற்கும் அமெரிக்க மேலாளராக ஜேம்ஸ் காக்னி. மூச்சு விடாமல் பேசுகிறார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே பெர்லின் சுவர் எழுந்துவிட்டது. பிராண்டன்பர்க் வாயிலை மியூனிக்கில் செட் போட்டு மிச்சத்தை எடுத்தார்கள். படம் வெளிவந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாவம், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஒன்பதாவது, 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' (1970). மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்த படத்தை ஸ்டுடியோ இரண்டு மணி நேரமாக வெட்டிக் குதறியது. மிஞ்சியதே இவ்வளவு அழகு என்றால் முழுசு எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கத்துக்காகவே இந்த இடம். இந்தப் படத்துக்காகச் செய்த ராட்சதப் பிராணியின் பொம்மை, பூதம் இருப்பதாகக் கதை உலவும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் மூழ்கிவிட்டது. 2016-இல் நீருக்கடியில் போன ஒரு ரோபோ அதைக் கண்டுபிடித்தது. லாக் நெஸ்ஸில் நிஜமாகவே ஒரு பூதம் கிடைத்தது என்றால் அது வைல்டர் விட்டுப்போனதுதான்.

எட்டாவது, 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' (1957). வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது இதைத்தான். அகதா கிறிஸ்டியின் கதையில் இல்லாத ஒரு நர்ஸை வைல்டர் உள்ளே கொண்டுவந்தார். இதய நோயாளியான வக்கீலாக சார்லஸ் லாட்டன், சுருட்டைப் பிடுங்கும் நர்ஸாக அவருடைய நிஜ மனைவி எல்சா லான்செஸ்டர். வழக்கை விட இவர்கள் சண்டைக்காகத்தான் நான் இதைத் திரும்பப் போடுவது.

ஏழாவது 'ஸ்டாலாக் 17' (1953). ஜெர்மன் கைதி முகாமில் சிகரெட்டுக்கும் முட்டைக்கும் வியாபாரம் செய்யும் அமெரிக்கக் கைதியாக வில்லியம் ஹோல்டன், ஆஸ்கர் வாங்கிய வேடம். எல்லோரும் அவனைத்தான் உளவாளி என்று நினைத்து அடிக்கிறார்கள். இந்த வியாபாரிதான் உண்மையான உளவாளியைப் பிடிக்கிறான். தப்பிப் போகும்போதுகூடத் தியாகி வேஷம் போடுவதில்லை. பக்கத்தில் நடக்கும் கோமாளிக் காட்சிகள் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆறாவது 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' (1945). குடிகாரனை அதுவரை சிரிப்புக்கே பயன்படுத்திவந்த ஹாலிவுட்டில், குடியை நோயாகக் காட்டிய படம். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிப்பு என்று நான்கு ஆஸ்கர். மதுக்கடை மேஜையில் கிளாஸ் வைத்த இடத்தில் ஈர வட்டம் விழுகிறது. கடைக்காரர் துடைக்கப் போக, ரே மிலண்ட் தடுக்கிறார். வட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன. எத்தனை ரவுண்டு போனது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பான். பிறகு டைப்ரைட்டரை அடகு வைக்கத் தூக்கிக்கொண்டு மூன்றாவது அவென்யூ முழுக்க அலைகிறான். அன்று யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர், அடகுக் கடைகள் மூடியிருக்கின்றன. எழுத்தாளன் டைப்ரைட்டரை விற்கப் போகிறான், வாங்க ஆளில்லை. கடைசிப் பத்து நிமிஷ நம்பிக்கைதான் கொஞ்சம் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

ஐந்தாவது, 'ஏஸ் இன் தி ஹோல்' (1951). இவருடைய படங்களிலேயே ஈவிரக்கமில்லாதது. நியூ மெக்ஸிகோவில் ஒரு குகையில் ஒருவன் சிக்கிக்கொள்கிறான். சுவருக்கு முட்டுக் கொடுத்து ஒரே நாளில் வெளியே எடுத்துவிடலாம். நிருபர் டாட்டம், அதாவது கிர்க் டக்ளஸ், மேலிருந்து துளை போட வைக்கிறான். அப்போதுதான் செய்தி ஒரு வாரம் ஓடும். குகை வாசலில் நுழைவுக் கட்டணப் பலகை மாறிக்கொண்டே வரும். முதலில் இலவசம், பிறகு சில்லறை, பிறகு ஒரு டாலர். ராட்டினம் வந்துவிடுகிறது, பாட்டு விற்கிறார்கள். 1925-இல் கென்டக்கி குகையில் சிக்கி இறந்த ஃப்ளாய்ட் காலின்ஸ் சம்பவத்தின் சாயல் இது, படத்திலேயே அந்தப் பெயர் வருகிறது. அமெரிக்காவில் படம் படுதோல்வி. ஸ்டுடியோ 'தி பிக் கார்னிவல்' என்று பெயரை மாற்றிப் பார்த்தும் பருப்பு வேகவில்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனையே திருவிழாக் கூட்டத்தில் ஒருவனாகக் காட்டினால் யார் மன்னிப்பார்கள்? சிக்கியவனின் மனைவியைப் பிரார்த்தனைக்குப் போகச் சொன்னால், மண்டியிட்டால் காலுறை தொய்ந்துவிடும் என்பாள். அந்த வசனம் வைல்டரின் மனைவி ஆட்ரி கொடுத்தது. ஐந்துக்கு மேல் ஏற்றாததற்குக் காரணம், டாட்டமுக்கு உறுத்தல் வரும்போது நமக்கு அவன்மேல் ஒன்றும் மிச்சமில்லை.

நான்காவது 'சம் லைக் இட் ஹாட்' (1959). தெரியும், தெரியும். அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2000-இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த நகைச்சுவைப் படமென்று முதலிடம் கொடுத்தது. ஹிந்தியில் ரிஷி கபூர் 'ரஃபூ சக்கர்' என்று பெண் வேஷம் கட்டி ஆடினார். தாதாக்கள் செய்த கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேஷத்தில் மகளிர் இசைக்குழுவில் ஒளிகிறார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். நான் பாடம் படிப்பது ஒரே காட்சியில். ஜாக் லெம்மன் கட்டிலில் படுத்துக்கொண்டு, தனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்கிறார். மாப்பிள்ளை ஒரு கிழட்டுக் கோடீஸ்வரர். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் கையிலிருக்கும் மராக்காஸைக் குலுக்கி ஒரு ஆட்டம். அந்தக் கிலுகிலுப்பை வைல்டர் வேண்டுமென்றே கொடுத்தது. அரங்கச் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாதே என்று சிரிப்புக்கு இடம் விட்டு எடுத்திருக்கிறார். தனியாக டிவியில் பார்க்கும்போது அந்த இடைவெளிகள் தெரியும். ஆயிரம் பேர் சிரிக்க விட்ட இடம் அது. கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கும் காரணம் உண்டு, வண்ணத்தில் சோதித்தபோது இருவரின் மேக்கப்பும் பச்சையடித்தது. 'யாரும் முழுநிறைவானவர் இல்லையே' என்ற அந்தக் கடைசி வசனம், வேறு நல்லது கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று இணை எழுத்தாளர் ஐ.ஏ.எல். டயமண்ட் போட்டு வைத்தது. கிடைக்கவே இல்லை, நல்ல வேளை. குறையே இல்லாத படம். ஆனால் யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை, அதனால் நான்கு.

மூன்றாவது 'சன்செட் பூலவார்ட்' (1950). பிணம் கதை சொல்கிறது. முதலில் பிணவறையில் சடலங்கள் பேசிக்கொள்வதாக எடுத்து முன்னோட்டம் போட்டபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டார். மௌனப்பட நட்சத்திரமாக நடித்த குளோரியா ஸ்வான்சன் நிஜத்திலும் அதே. அவருக்கு வேலைக்காரனாக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் அவரை நிஜமாகவே இயக்கியவர். வீட்டுத் திரையில் ஓடும் பழைய படம் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த 'குயின் கெல்லி'. சீட்டாடும் பழைய கூட்டாளிகளில் பஸ்டர் கீட்டன். இதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. எனக்கு முக்கியம் துணிக்கடை. நார்மா, அதாவது ஸ்வான்சன், வில்லியம் ஹோல்டன் நடிக்கும் தன் இளம் எழுத்தாளனுக்குக் கோட்டு எடுத்துக்கொடுக்கிறாள். விற்பனையாள் அவன் காதருகே குனிந்து, அம்மாதானே காசு கொடுக்கிறார், விலை கூடினதையே எடுத்துக்கொள்ளுங்களேன் என்கிறான். ஹோல்டனின் முகத்தைப் பாருங்கள். ஈடன் ஹோட்டலில் ஆடிய இளைஞனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஏன் மூன்று? காதலி வரும் காட்சிகள். அந்த எழுத்தாளப் பெண் நல்லவள் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. பெரிய வீட்டை விட்டுக் கேமரா வெளியே போகும்போதெல்லாம் படம் இறங்குகிறது.

இரண்டாவது 'டபுள் இன்டெம்னிட்டி' (1944). துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்கு இதுதான் முதல் திரைக்கதை. வைல்டரும் அவரும் ஒரே அறையில் எலியும் பூனையுமாக இருந்து எழுதியது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நெஃப், புருஷனைத் தீர்த்துக்கட்ட நினைக்கும் பாலிசிதாரரின் மனைவி, மோசடியை மோப்பம் பிடிக்கும் கிளெய்ம்ஸ் அதிகாரி கீஸ். சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவில், குழந்தைகளுக்கான உணவு அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று கொலையைத் திட்டமிடுகிறார்கள். குள்ளமான ஒரு அம்மாள் வந்து மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தரச் சொல்கிறாள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொலைப் பேச்சைத் தொடர்கிறான். சடலத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுத் திரும்பினால் கார் கிளம்ப மறுக்கிறது. வைல்டரின் சொந்தக் கார் கிளம்பாமல் படுத்ததிலிருந்து வந்த யோசனை. அந்தச் சில வினாடிகளில் கொலைகாரர்களுக்காக நாமே சாமி கும்பிடுகிறோம். அதுதான் இந்தப் படத்தின் அயோக்கியத்தனம்.

இதில் நிஜக் காதல் நெஃபுக்கும் கீஸுக்கும்தான். கீஸுக்குச் சுருட்டுப் பிடிக்கத் தெரியும், தீக்குச்சி மட்டும் கையில் இருக்காது. படம் முழுக்க நெஃப் கட்டைவிரல் நகத்தால் குச்சியை உரசிப் பற்றவைத்துக் கொடுப்பான். கடைசியில் குண்டடி பட்டு வாசலில் கிடக்கும் நெஃபால் குச்சியை உரச முடியவில்லை. கீஸ் வாங்கி உரசிக் கொடுக்கிறார். இதற்குப் பிறகு நெஃபை நச்சுவாயு அறையில் கொல்லும் காட்சியைச் செலவு செய்து செட் போட்டு எடுத்தார்கள். வைல்டர் அதை வெட்டிவிட்டார். தீக்குச்சிக்கு மேல் என்ன இருக்கிறது?

முதலிடம் 'தி அபார்ட்மென்ட்' (1960). மறுபடியும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. மறுபடியும் ஃப்ரெட் மேக்மரே, பதினாறு வருஷம் முன்பு ஏஜென்டாக வந்தவர் இப்போது மேலதிகாரி. மொத்தம் 31,259 ஊழியர்கள். பத்தொன்பதாவது மாடியில் 861-ஆம் எண் மேஜையில் சி.சி. பாக்ஸ்டர், வாரம் 94 டாலர் 70 சென்ட் சம்பளம். முடிவில்லாமல் நீளும் அந்த ஆபீஸ் ஒரு கண்கட்டு. பின்னால் போகப் போகச் சின்ன மேஜைகள், சின்ன ஆட்கள் வைத்து அலெக்ஸாந்தர் த்ரோனர் போட்ட செட். பாக்ஸ்டர் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளுக்கு மாலைநேரக் கள்ள உறவுகளுக்காகக் கொடுத்து மேலே ஏறுகிறான். ஜலதோஷத்தோடு மூக்கைச் சிந்திக்கொண்டே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்கள் வியாழனை வெள்ளிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கெஞ்சும் காட்சியில் முதலில் சிரிப்புதான் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் குமட்டுகிறது.

கிறிஸ்துமஸ் பார்ட்டியில் புதுத் தொப்பி போட்டு, பொருந்துகிறதா என்று லிஃப்ட் இயக்கும் பெண் ஃபிரானிடம் கேட்கிறான். அவள் தன் பவுடர் டப்பாக் கண்ணாடியை நீட்டுகிறாள். கண்ணாடியில் விரிசல். தன் வீட்டில் யாரோ விட்டுப்போனதாக அவனே மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்த அதே டப்பா. வீட்டுக்கு வந்துபோனவள் யார் என்று அவனுக்குப் புரிகிற அந்த நொடியில் வசனம் தேவைப்படவில்லை. பதவி உயர்வுத் தொப்பியோடு அவன் முகம் இரண்டாகப் பிளந்து தெரிகிறது. உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், என் மனசும் அப்படித்தான் இருக்கிறது என்பதுபோல் அவள் சொல்லும் பதில் ஷெர்லி மக்லீனின் வாயிலிருந்து அலட்டாமல் வருகிறது.

விலை போனவன் திருப்பிக் கேட்டு வாங்குவது வைல்டரில் முழுசாக நடப்பது இங்கேதான். கடைசியில் வீட்டுச் சாவி கேட்கும் மேலதிகாரி ஷெல்ட்ரேக்கின் மேஜையில் பாக்ஸ்டர் ஒரு சாவியை வைக்கிறான். அது அதிகாரிகளின் கழிப்பறைச் சாவி. எட்டு மாடி ஏறி வாங்கிய பதவியை அதோடு வைத்துவிட்டுப் போகிறான். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை உட்பட ஐந்து ஆஸ்கர். காதலைச் சொன்ன பிறகும் அவள் பதிலுக்குச் சொல்வது, வாயை மூடிக்கொண்டு சீட்டைப் போடு என்பதுதான். கட்டிப்பிடிக்கக்கூட இல்லை.

'சப்ரினா', 'இர்மா லா டூஸ்' எங்கே என்று கேட்பவர்களுக்கு: முதலாவதில் ஆட்ரி ஹெப்பர்ன் இருக்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது நீளம். 'தி செவன் இயர் இட்ச்'சை மர்லின் மன்றோவின் வெள்ளைக் கவுனுக்காக வைத்துக்கொள்ளுங்கள். 'அவாந்தி' (1972) பதினொன்றாவது, மனசு மாறினால் காக்னியை இறக்கிவிட்டு அதை ஏற்றுவேன்.

இதுவரை வைல்டரே பார்க்காதவர்கள் 'விட்னஸ்'ஸில் ஆரம்பிக்கலாம், கறுப்பு வெள்ளைப் பயம் போய்விடும். அடுத்து 'டபுள் இன்டெம்னிட்டி'. 'ஏஸ் இன் தி ஹோல்'லை மட்டும் செய்திச் சேனல் பார்த்த அதே ராத்திரியில் போடாதீர்கள், தூக்கம் வராது.