அம்மாவுக்கு எந்த அறை?

விடிகாலை 3 மணிக்கு அடுப்படியில் லைட் எரிந்தால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். 78 வயது. பகல் 11 மணிக்கு முறத்தில் பாதி ஆய்ந்த கீரையோடு தலை தொங்கிவிடும். "ராத்திரி முழிச்சிட்டு பகல்ல தூங்கினா எப்படிம்மா?" என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வலிக்கிறது.

இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னத் திரள் ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். தூக்கம், உடல்சூடு, இரவு வந்துவிட்டதை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் எல்லாம் அதன் சொல்படி. அதற்குத் தினமும் நேரம் சரிபார்த்துக் கொடுப்பது வெளிச்சம். வயதாக ஆக கண் லென்ஸ் மஞ்சள் பூத்து, அந்தக் கடிகாரத்துக்கு மிகவும் தேவையான நீல ஒளியை மறைத்துவிடுகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அம்மா கேட்டாள்: "இந்தச் செவுரு வெள்ளையாடா? சந்தனக் கலர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!" எத்தனை வருஷம் மங்கிய வெளிச்சத்தோடு வாழ்ந்திருக்கிறாள்!

தூக்கம் கெடுவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. அத்தனை எரிகிற இடத்தில், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்களும் சேரும். அவற்றை அடக்கும் குளுட்டோதயோன் போன்ற காவல்காரர்களும் அந்தக் கடிகாரத்தின் தாளத்தில்தான் ஏறி இறங்குகின்றன. பிமால்1 என்ற கடிகார மரபணுவை எலிகளின் மூளையில் நீக்கியபோது ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகியதை 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அனிதா ஜகோதாவின் குழு 3, 12, 24 மாத எலிகளை ஒப்பிட்டு, வயது ஏற ஏற இந்தத் தாளம் குலைவதைப் பதிவு செய்திருக்கிறது.

இதைப் படித்தவுடன், ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் என்று விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டையும் வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் மறதிநோய் குறையவில்லை.

என் கோபமெல்லாம் நம் வீடுகளின் மேல். பால்கனி உள்ள அறை நமக்கு. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல் உள்ள பின்னறை பெரியவர்களுக்கு. பகலெல்லாம் ஒரு ட்யூப்லைட், வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் மிஞ்சினால் 300 லக்ஸ். வெளியே மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். ராத்திரி 11 வரை முகத்துக்கு நேரே டிவி. பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் ஆக்கிவிட்டு, தூக்கம் வரவில்லை என்றால் தூக்க மாத்திரையைக் கையில் கொடுக்கிறோம். இது பெரிய அநியாயம்.

நாங்கள் அறையை மாற்றிக்கொண்டோம். கிழக்குப் பார்த்த அறை இப்போது அம்மாவுக்கு. 7 மணிக்கு மொட்டைமாடியில் என்னோடு அரைமணி நேரம். டிவி 9 மணியோடு சரி. 3 மணி விழிப்பு முழுசாகப் போகவில்லை, வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. அந்த நாட்களில் நானும் எழுந்து, பெரிய லைட்டைப் போடாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். திட்டுவதில்லை.