அவருக்கு வக்கீல் வேலை பார்த்ததை விட்டுவிட்டேன்

போன வாரம் முகநூல் என்னுடைய பழைய பதிவு ஒன்றை எடுத்து நீட்டியது. 2019 மார்ச்சில் எழுதியது. மைக்கேல் ஜாக்சன் தங்களைச் சிறுவயதில் பாலியல் கொடுமை செய்ததாக இரண்டு பேர் சொல்லும் நான்கு மணி நேர ஆவணப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்திருந்த நேரம் அது. "இருபது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, ஆள் செத்தப்புறம் வந்து பேசறாங்க, எல்லாம் காசுக்குத்தான்" என்று ஆரம்பித்து ஒன்பது பத்தி எழுதியிருக்கிறேன். அப்போது அந்தப் படத்தை நான் பார்க்கக்கூட இல்லை. கீழே "அருமை டீச்சர்", "செருப்படி பதில்" என்று வரிசையாகக் கமெண்ட்.

அழிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். அழித்துவிட்டால் நான் அப்படி எழுதவே இல்லை என்று நாளைக்கு நானே நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். இப்போது பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீட்டுக்குள் மைக்கேல் ஜாக்சன் வந்தது 1993-இல், அண்ணன் மூலமாக. அண்ணன் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. (ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு எங்கள் தருமபுரி மாவட்டம்தான். 2004-இல்தான் பிரித்தார்கள். அம்மாவுக்கு இன்னும் எல்லாமே தருமபுரி ஜில்லாதான்.) லீவுக்கு வந்தவன் ஒரு டேப் ரெக்கார்டரும், ரெக்கார்டிங் கடையில் பதிந்த ஒரு கேசட்டும் கொண்டுவந்தான். அட்டையில் பேனாவால் 'எம்.ஜே.' என்று எழுதியிருந்தது. கடைசியில் கொஞ்சம் இடம் மீந்ததால் கடைக்காரர் இரண்டு இளையராஜா பாட்டைப் பதிந்து நிரப்பிக் கொடுத்திருந்தார். அதனால் இன்றைக்கும் அந்தக் குறிப்பிட்ட ஜாக்சன் பாட்டு எங்கே ஒலித்து முடிந்தாலும் அடுத்து ஒரு புல்லாங்குழல் வரும் என்று என் காது காத்திருக்கிறது.

ஒரு வார்த்தை புரியாது. நடுநடுவே விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். அடுப்படியிலிருந்து அம்மா, "யாராச்சும் அவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கடா" என்பார். ஆனால் அந்த விக்கல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தாளம் ஒரு பக்கம் போக, அந்த ஆள் மூச்சாலேயே இன்னொரு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. கேசட் தேயத் தேயக் கேட்கத்தான் தெரியும்.

வீட்டில் என்னைப் புரிந்துகொண்டவர் தாத்தா மட்டும்தான். தாத்தா கூத்துக் கலைஞர். கட்டியங்காரனில் ஆரம்பித்துத் துரியோதனன் வேஷம் வரை கட்டியவர். எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு டிவியில் அந்த மூன்வாக்கைப் பார்த்தார். 1983-இல் ஒரு மேடையில் ஜாக்சன் முதன்முதலாக ஆடிக் காட்டியதே, அது. சில விநாடிகள்தான் இருக்கும். தாத்தா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால் திண்ணையில் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு குதிகாலைத் தூக்கி மறு பாதத்தை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். "முன்னாடி போற மாதிரி காட்டிட்டுப் பின்னாடி போறான். பாரம் எந்தக் கால்ல இருக்குதுன்னு நம்மகிட்ட மறைக்கிறான், அவ்ளோதான். அடவு தெரிஞ்ச பய." தாத்தா வாயிலிருந்து அந்தப் பட்டம் சுலபமாக வராது. உள்ளூர்க் கலைஞர்கள் பலருக்கே அவர் தந்ததில்லை.

1996 நவம்பர் 1-ஆம் தேதி மும்பை அந்தேரியில் ஜாக்சன் நிகழ்ச்சி நடந்தபோது தினசரியில் வந்த படங்களை எல்லாம் வெட்டி நோட்டில் ஒட்டினேன். 2009 ஜூன் 26 காலை பள்ளிக்குப் போக பஸ்ஸில் ஏறியிருந்தேன், போன் மேல் போன். "உங்க ஆளு போயிட்டாராமே" என்று துக்கம் விசாரித்தார்கள். கண்டக்டர், என் வீட்டில் ஏதோ எழவு என்று நினைத்து எழுந்து இடம் பிடித்துக் கொடுத்தார். நானும் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவரை யார் ஒரு வார்த்தை சொன்னாலும் என் வீட்டு ஆளைச் சொன்ன மாதிரி சண்டைக்குப் போவேன்.

சில சண்டைகளில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அவற்றை விட்டுத்தர மாட்டேன். "கறுப்பாப் பொறந்ததுக்கு வெக்கப்பட்டு தோலை மாத்திக்கிட்டவன்தானே" என்று படித்தவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கு இருந்தது வெண்புள்ளி. 1993-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார், யாரும் நம்பவில்லை. செத்த பிறகு பிரேதப் பரிசோதனை அதை உறுதி செய்தது. என் சித்திக்கும் வெண்புள்ளி. சித்திரை வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு மாங்காய் பறிக்கப் போவார். தொட்டால் ஒட்டாது என்று தெரிந்தவர்களே அவர் கொடுக்கும் தண்ணீரை வாங்க யோசிப்பார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் கையைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமல் எழுந்து போயிருக்கிறது. ஒரு நோயை வைத்து ஒருவரைக் கேலி செய்வதை நான் அங்கே பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்காகக் கடைசி வரை வாயாடுவேன்.

சிக்கல் என்னவென்றால், இந்த நியாயத்தின் முதுகில் ஏற்றி மற்ற எல்லாவற்றையும் கடத்திவிட்டேன். தோல் விஷயத்தில் உலகம் பொய் சொன்னது, ஆகவே எல்லா விஷயத்திலும் உலகம் பொய்தான் சொல்லும். இப்படித்தான் ஓடியது என் புத்தி.

எங்கள் பள்ளியில் போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம்) பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பு சில வருஷமாக என்னுடையது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்ய வைத்து, யார் தொட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று பேசுவேன். அப்படி ஒரு வகுப்பில் பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "மிஸ், ரொம்ப வருஷம் கழிச்சு சொன்னா நம்புவாங்களா?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன். "நம்பணும். புகார் கொடுக்க இந்தச் சட்டத்துல காலக்கெடுவே கிடையாது. சின்ன வயசுல பயம் இருக்கும், வெக்கம் இருக்கும், நடந்தது என்னன்னே புரியாது. சில பேரு அந்த ஆள்மேல பாசமாக்கூட இருப்பாங்க. கேட்டா 'ஒண்ணும் நடக்கல'ன்னுகூடச் சொல்லுவாங்க. பெரியவங்களான பிறகுதான் சிலருக்குப் பேச்சே வரும்."

சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஆவணப்படத்தில் பேசிய அந்த இரண்டு பேரில் ஒருவர், ஜாக்சன் மேல் பாலியல் குற்றச்சாட்டில் நடந்த 2005 வழக்கில் அவருக்கு ஆதரவாகவே சாட்சி சொன்னவர். அதைத்தான் என் ஒன்பது பத்தியில் துருப்புச்சீட்டாக வீசியிருந்தேன். "அன்னைக்கு ஒண்ணும் நடக்கலன்னு கோர்ட்டுல சொன்ன வாய்தானே இது?" என்று. அரை மணி நேரத்துக்கு முன்னால் என் பிள்ளைகளிடம் நான் சொன்னதற்கு நேர் எதிர். அமெரிக்கக்காரனுக்கு ஒரு சட்டம், பென்னாகரத்துப் பிள்ளைக்கு ஒரு சட்டமா? அன்று சோறு இறங்கவில்லை.

இதனால் அவர் குற்றவாளி என்று நான் தீர்ப்பெழுதப் போவதில்லை. 2005 ஜூனில் நடுவர் குழு 14 குற்றச்சாட்டுகளிலும் அவரை விடுவித்தது. 1993-இல் எழுந்த முதல் புகார் பெருந்தொகை கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது, குற்ற வழக்குப் பதிவாகவில்லை. சாகும் வரை அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் குடும்பம் இன்றும் மறுக்கிறது. ஆவணப்படத்தில் பேசிய இருவரின் சிவில் வழக்குகளையும் கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது, 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. இவ்வளவும் பதிவில் இருக்கிறது. இதில் என் பக்கத்துக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கொண்டு பேசியதுதான் என் தப்பு.

அப்புறம் அவரே தன் வாயால் சொன்ன ஒன்றும் இருக்கிறது. 2003-இல் ஒளிபரப்பான ஒரு பேட்டிப் படத்தில், பிறர் வீட்டுப் பிள்ளைகளோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்வதில் என்ன தப்பு, அது அன்பு என்று பேசினார். "அவருக்குக் குழந்தை மனசு, அஞ்சு வயசுலயே மேடை ஏத்தி, அப்பன் அடிச்சு வளர்த்து, விளையாட விடல" என்று நாங்கள் ரசிகர்கள் அதற்குப் பொழிப்புரை எழுதுவோம். அடி வாங்கியதும் விளையாடாததும் உண்மைதான். ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார் இதே வசனத்தைப் பேசினால் அவருடைய சின்ன வயசுக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? அடுத்த மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் அறையில் நிற்பேன்.

"அப்போ கேக்கறதை விட்டுட்டீங்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. நேற்றுக்கூட ராகிக்களி கிண்டும்போது ஓடிக்கொண்டிருந்தது. கலை வேறு, கலைஞன் வேறு என்று சக ஆசிரியர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அது சிலருக்குச் சரியாக வரலாம். ஜாக்சன் விஷயத்தில் எனக்கு வரவில்லை. குழந்தைகளை மேடையில் நிறுத்தி, உலகத்துப் பிள்ளைகளுக்காக என்று பாடியவர் அவர். பாட்டுக்குள்ளேயே பிள்ளைகள் நிற்கும்போது எந்த இடத்தில் கத்தியை வைத்து வெட்டுவது?

எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது தாத்தாவின் கூத்துதான். எங்கள் பக்கம் பாரதக் கூத்து முடியும்போது படுகளம் நடக்கும். மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்து வீழ்த்தியதும் ஊரே ஆர்ப்பரிக்கும். கொஞ்ச நேரத்தில் அவன் பக்கத்துப் பெண்கள் வேஷம் வந்து ஒப்பாரி வைக்கும். அப்போது, சற்று முன் கத்தின அதே சனம் முந்தானையால் கண்ணைத் துடைக்கும். அழுகிற யாரும் பாஞ்சாலி சேலையை அவன் இழுக்கச் சொல்லவே இல்லை என்று வாதாடுவதில்லை. சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருக்கும். (ஒப்புமை முழுசாகப் பொருந்தாது என்று தெரியும். துரியோதனன் சபையில் என்ன செய்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஜாக்சன் வாழ்ந்த நெவர்லாண்ட் பண்ணையின் அறைகளில் நான் இல்லை, என்னோடு சண்டை போட்டவர்களும் இல்லை.)

நடைமுறையில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டு விழாவுக்கு அவர் பாட்டைப் போட்டுப் பிள்ளைகளை ஆட வைப்பேன், அதை நிறுத்திவிட்டேன். அவர் படம் போட்ட டீ-ஷர்ட் ஒன்று இருந்தது, இப்போது வீட்டுக்குள் மட்டும். யாராவது அவரைத் திட்டினால் தோல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதற்குச் சும்மா இருக்கிறேன். என் ரசிகச் சகோதரர்கள் இருவர் இதற்காக என்னை நட்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், "இன்னும் அவன் பாட்டையா கேக்கறீங்க, அவங்களுக்குக் காசு போகுதே" என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு: ஓசூர் ரெக்கார்டிங் கடை கேசட்டில் வளர்ந்தவள் நான். என்னால் அந்த ஆளுக்கு முதல் பத்து வருஷம் ஒரு நயா பைசா போனதில்லை.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வராந்தாவில் வழி மறித்தான். செல்போனில் எங்கேயோ மூன்வாக்கைப் பார்த்திருக்கிறான். "மிஸ், நீங்க ஆடுவீங்களாமே, சொல்லிக் குடுங்க மிஸ்." சொல்லிக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன், ஒளிக்க மாட்டேன். அவன் செருப்பைக் கழற்றச் சொன்னேன். சிமெண்ட் தரையில் ஒரு குதிகாலைத் தூக்கி, மறு பாதத்தைத் தட்டையாக வைத்து இழுக்கச் சொன்னேன். நான்காவது தடவை அரை அடி வழுக்கினான், சுற்றி நின்ற கூட்டம் விசில் அடித்தது.

"இதைக் கண்டுபிடிச்சவரு மைக்கேல் ஜாக்சன்தானே மிஸ்?"

"இல்லடா. அவருக்கு முன்னாடியே அமெரிக்காவுல கறுப்பின ஆட்டக்காரங்க மேடையில ஆடியிருக்காங்க. பில் பெய்லின்னு ஒருத்தரு ஆடுனது படமாவே இருக்குது. அவரு மத்தவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டாரு."

"அப்போ அவரு பெரிய ஆளு இல்லையா?"

"பெரிய ஆளுதான். பாரத்தை இடது காலுக்கு மாத்து, விழுந்துடுவ."