ஒரே கழிப்பறை, இரண்டு வயிறு

கம்போடியாவில் தன்னார்வலர்களாகப் பாடம் நடத்தப் போன நானும் என் கணவரும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கில் படுத்தோம். தங்கிய வீட்டில் கழிப்பறையோ ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்புகூட அவர் எனக்காக அப்படிக் காத்து நின்றதில்லை! ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதுதான் இரண்டு நாள் ஆகாரம்.

சரி, அதுகூடப் பரவாயில்லை. கடலூர் திரும்பினால் மஞ்சக்குப்பமே கூடி விசாரிக்கிறது: "அங்க போய் என்னத்தத் தின்னீங்க?" மாமியார் ஒருபடி மேலே: "ஓமத்தண்ணி குடுத்தனுப்பினேனே, குடிச்சியாம்மா?"

100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள் என்று அந்தப் பாட்டிலை விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டதை எப்படிச் சொல்வது? இவர் மட்டும் நைசாக, "நான் குடிச்சேம்மா" என்கிறார்.