சோலார் போட்டால் கரண்ட் போகாதா?

‘மாடியில் சோலார் பேனல் போட்டுவிட்டால் தெருவே இருட்டானாலும் உங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி இன்வெர்ட்டர் பேட்டரியை விற்றுவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தாது.

நம் ஊரில் வீடுகளில் அதிகம் போடுவது ‘ஆன்-கிரிட்’ அமைப்பு, அதாவது மின்வாரிய லைனோடு இணைத்து ஓடுவது. பேனல் தரும் நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர், மின்வாரிய லைனில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் போனதும், உச்சி வெயிலிலும் தானாகவே நின்றுவிடும். இது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிரே போய்விடும்.

சரி, மின்வெட்டிலும் வேண்டும் என்றால்? பேட்டரியோடு கூடிய ‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டர் வேண்டும். அது லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓடும். செலவு கூடும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால் அது கிலோவாட் கணக்கில் தருவது, பேட்டரிக்கென்று தனியாகக் கிடையாது.

ஆன்-கிரிட் வீண் என்று சொல்லவில்லை. 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும், கட்டணம் நன்றாகவே குறையும். அதற்காகப் போடுங்கள். கையெழுத்திடும் முன் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “கரண்ட் போனால் இது ஓடுமா?” பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.