எஃப்-டிஆரில் 6.5 கிரீட்மோர் செல்லாது

நெடுந்தூர ரைஃபிள் சுடும் போட்டியான எஃப்-கிளாஸின் எஃப்-டிஆர் பிரிவுக்கும் 6.5 கிரீட்மோர் தோட்டா நல்ல தேர்வு என்கிறது உங்கள் கட்டுரை. தயவுசெய்து திருத்துங்கள். அங்கே .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பைபாட் (துப்பாக்கியைத் தாங்கும் இருகால்) சேர்த்துத் துப்பாக்கியின் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. 6.5 வேண்டுமென்றால் அதே போட்டியின் எஃப்-ஓப்பன் பிரிவுதான்.

தோட்டாவில் உச்ச வேகத்தைத் துரத்தாதீர்கள், சீரான வேகம்தான் முக்கியம். 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10 அங்குலம். தோட்டாக்களுக்கிடையே விநாடிக்கு 30 அடி வித்தியாசம் இருந்தால், .308-இல் ஏறக்குறைய அந்த வளையத்தின் உயரத்துக்கே குண்டுகள் மேலும் கீழும் சிதறும்.

இன்னொன்று: காற்று அடங்கட்டும் என்று சூடான சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) தோட்டாவை ஏற்றிவைத்துக் காத்திருக்க வேண்டாம். வெடிமருந்து சூடேறி வேகம் கூடும், குண்டு மேலே ஏறும். காரணம் புரியாமல் ஸ்கோப்பைத் திருகினால் அடுத்த குண்டு கீழே இறங்கிவிடும்.