டீயில் முக்கியெடுத்த ஜேம்ஸ்டவுன்

நேற்று ராத்திரி எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்த டீ குடிக்க இல்லை. மகள் வெள்ளைத் தாளை அதில் முக்கி முக்கி எடுத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தைத் தீக்குச்சியால் கருக்கிக் கொடுத்தது நான். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு உண்டு. வீட்டுப்பாடம் இது: 1607-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியவன் நீ, ஐந்து நாள் நாட்குறிப்பு எழுது.

தாள் நானூறு வருசப் பழசு மாதிரியே வந்துவிட்டது. எழுதியிருந்ததுதான் போன வாரம் டூர் போய்வந்த மாதிரி இருந்தது. கடல் அழகு. கோட்டை கட்டினோம். மூன்றாம் நாள், "பூர்வகுடிகள் மக்காச்சோளம் கொடுத்தார்கள், நன்றி சொன்னோம்." ஐந்தாம் நாள், "இது ஒருநாள் பெரிய நாடாகும்." சாயங்காலம் கஞ்சி கிடைக்குமா என்றே தெரியாத ஆளுக்கு இது எப்படித் தெரியும்? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை எழுதிவைத்தாரே, அவருக்கும் மறுநாள் நடக்கப்போவது தெரியாது. நாட்குறிப்புக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

வந்தேறியின் கண்ணால் எழுதச் சொல்வதே தப்பு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலையில் இறகு செருகி, அந்தப் பக்கத்துப் பூர்வகுடியான பவ்ஹாட்டன் சிறுமியாக எழுது என்றால் அது இன்னும் கூத்தாகிவிடும். என் வருத்தம் வேறு. தாளைப் பழசாக்கச் சொல்லித்தருகிறார்கள், அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுப்பதில்லை.

ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்று ஓர் இளைஞன், ஒப்பந்தக் கூலியாக வர்ஜீனியா வந்தவன். 1623-இல் அப்பா அம்மாவுக்கு அவன் எழுதிய கடிதத்தை மகளுக்குப் படித்துக்காட்டினேன். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் தண்ணிக் கஞ்சியும்தான். வீட்டில் ஒரே நாளில் தின்றது இங்கே ஒரு வாரத்துக்குக்கூடத் தருவதில்லை. கூட இருந்தவனே மேலங்கியைத் திருடிவிட்டான். எப்படியாவது என்னை மீட்டுவிடுங்கள். "அம்மாவுக்கா எழுதினான்?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் அந்த மக்காச்சோளம். 1606 முதல் 1612 வரை அந்தப் பக்கம் கடும் வறட்சி என்று மர வளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பவ்ஹாட்டன் மக்களுக்கே விளைச்சல் போதாத காலம். முதலில் கொடுத்தார்கள். இல்லை என்றபோது இங்கிலீஷ்காரர்கள் துப்பாக்கியோடு போய் எடுத்துவந்தார்கள். 1609-10 பனிக்காலத்தில் பவ்ஹாட்டன்கள் கோட்டையை வளைத்துக்கொள்ள, உள்ளே அடைபட்ட ஏறக்குறைய 300 பேரில் மிஞ்சியது 60 பேர்போல. குதிரை, நாய், எலி தீர்ந்து செருப்புத் தோல்வரை வந்தது. அதற்குப் பிறகு தின்றதும் உண்டு, கத்தித் தழும்போடு ஒரு பதினாலு வயசுப் பெண்ணின் எலும்பு 2012-இல் கிடைத்தது. ஒன்பது வயசுப் பிள்ளையிடம் நான் செருப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாளை அடித்துவிட்டு வேறு எழுதினாள்: "இன்று நாலு பேர் துப்பாக்கியோடு ஊருக்குள் போய் மக்காச்சோளம் கொண்டுவந்தார்கள். நான் போகவில்லை. ஆனால் சாப்பிட்டேன்."

"டீச்சர் மார்க் குறைப்பாங்களாம்மா?"

குறைத்தால் நான் வந்து பேசிக்கிறேன், நீ படு என்றேன்.