கார்ல் ஸ்டாஃப் விலகியது எதற்காக?

சுவீடன் பிரதமர் கார்ல் ஸ்டாஃப் 1914-ல் பதவி விலகியதற்கு பாதுகாப்புச் செலவில் அவர் காட்டிய சிக்கனமே காரணம் என்று அவரைப் பற்றிய கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1911-ல் ஆட்சிக்கு வந்ததும் போர்க்கப்பல் திட்டத்தை நிறுத்திவைத்தார், உண்மைதான். ஆனால் 1914 பிப்ரவரி 6 அன்று அரண்மனை முற்றத்தில், சுமார் 30,000 விவசாயிகள் திரண்ட பேரணியில், மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் தன் அமைச்சரவையைக் கலந்தாலோசிக்காமலேயே அதன் பாதுகாப்புக் கொள்கைக்கு எதிராகப் பேசினார். அந்த உரையைப் பெரும்பாலும் எழுதித் தந்தவர், திபெத் பயணங்களால் பெயர்பெற்ற ஸ்வென் ஹெடின். நாட்டை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த அரசா, மன்னரா? இதுதான் அங்கே எழுந்த கேள்வி. ஸ்டாஃப் வளைந்துகொடுக்கவில்லை, அரசோடு வெளியேறினார். அந்த முதுகெலும்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம், 1913 ஓய்வூதியச் சட்டம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! ஏறக்குறைய நாட்டு மக்கள் எல்லோரையும் உள்ளடக்கிய திட்டம் அது. அந்தக் காலத்தில் வேறெங்கும் இல்லாதது. 1912-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மசோதா கொண்டுவந்ததும் அவர் அரசுதான். மேலவை அதைத் தோற்கடித்தது. 1915-ல் ஸ்டாஃப் இறந்துவிட்டார். அவருடைய தாராளவாதக் கட்சியைச் சேர்ந்த நீல்ஸ் எடேன், சமூக ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 1917-ல் அமைத்த அரசு அந்த உரிமைக்கு வழிசெய்தது. 1921 தேர்தலில் பெண்கள் வாக்களித்தார்கள். இதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.